மிளகுக் கணக்கும் உரோமையின் முடிவும்

உரோமைப் பேரரசு எப்போது முடிந்தது? கி.பி. 476இல் மேற்கின் கடைசிப் பேரரசர் அரியணை இழந்தபோது என்று பாடநூல்கள் கூறும். பெல்ஜிய வரலாற்றறிஞர் ஹென்றி பிரென் அதை ஏற்கவில்லை. அவர் 1935இல் மறைந்தபின், 1937இல் வெளிவந்த நூல் ‘முகமதுவும் சார்லமேனும்’. செர்மானியர் உரோமையை அழிக்கவில்லை. அதன் மொழியையும் நாணயத்தையும் வரிமுறையையும் தழுவிக்கொண்டனர். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கி அரபியர் மத்தியதரைக் கடலை வசப்படுத்தியபோதே பழைய உலகம் முறிந்து இடைக்கால ஐரோப்பா பிறந்தது. இதுவே அந்நூலின் வாதம்.

அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று நம் மலைச்சரிவுகளைத் தொடுகிறது. 716இல் பிராங்கிய அரசர் இரண்டாம் சில்பெரிக், கோர்பி துறவற மடத்துக்கு ஓர் உரிமையை உறுதிசெய்தார். மர்சேய் அருகே ஃபோஸ் என்னும் துறையிலிருந்த அரசுக் கிடங்கில் ஆண்டுதோறும் பொருள் பெறும் உரிமை அது. சீரகம் 150 இராத்தல், மிளகு 30 இராத்தல், கிராம்பு 2 இராத்தல் எனப் பட்டியல் நீள்கிறது. துறவியர் அடுக்களைக்கு இத்தனை மிளகா என்று நாம் வியக்கலாம்! பிரென் வியப்பது வேறொன்றுக்கு. இதன்பின் மேற்கில் நறுமணப் பொருள், பப்பிரசுத் தாள், பட்டு, பொன் நாணயம் ஆகிய நான்கும் மறைந்தன. ஆகவே கடல் அடைபட்டது என்கிறார்.

வாதம் அழகானது, ஆனால் இற்றுப்போகிறது. நான்கும் ஒரே காலத்தில் மறையவில்லை என்பதை 1943இலேயே இராபர்ட் லோபஸ் எடுத்துக்காட்டினார். உரோமைத் திருப்பீடச் செயலகம் 11ஆம் நூற்றாண்டிலும் பப்பிரசில் எழுதியது. அது விளைந்த எகிப்தோ அரபியர் ஆட்சியில் இருந்தது. 735இல் வடக்கு இங்கிலாந்தில் மரணப் படுக்கையிலிருந்த புனித பீட், தம் சிறு பேழையிலிருந்த மிளகையும் சாம்பிராணியையும் உடன் குருக்களுக்குப் பகிர்ந்தளித்தார். அடைபட்ட கடலைத் தாண்டி அந்த மிளகு அங்கு எப்படிச் சென்றது? பழைய கையிருப்பு என்று பிரென் சொல்லக்கூடும். அது வழக்கறிஞர் பேச்சு.

போடிநாயக்கனூர் ஏலக் கூடத்தை அறிந்தவர்க்கு இவ்வாதத்தின் பிழை எளிதில் விளங்கும். ஒரு வணிகர் விலகிக்கொண்டால் வேறொருவர் வாங்குவார். மலை காய்ப்பதை நிறுத்துவதில்லை. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில் கிடைத்த 11, 12ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில், மலபார் மிளகு ஏடன் வழியே எகிப்துக்கு ஏறிச் சென்றதைக் காண்கிறோம். அனுப்பியோர் யூதரும் இசுலாமியரும். அங்கிருந்து அதை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றோர் இத்தாலிய நகரங்களின் கிறிஸ்தவ வணிகர். பிரெனின் நூலைச் சமயப் பகைக்குச் சான்றாகக் காட்டுவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் இக்கடிதங்களைப் பற்றியும் சற்று அறிந்துகொள்வது நல்லது.

வணிகத்தையே உரைகல்லாகக் கொண்டதால் பிரெனுக்கு இன்னொன்று சிறுத்துப்போயிற்று. 533இல் யுஸ்தினியன் தொகுத்த சட்டத் திரட்டில், சுங்கத்துக்கு உட்பட்ட கீழைநாட்டுப் பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இஞ்சியுடன் ஏலமும் இடம்பெறுகிறது. (அது நம் சிற்றேலமே என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.) பிரெனின் நூல் நின்றுவிடும் காலத்துக்குப் பின்னர், அதே திரட்டை 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலோஞாவில் மாணவர் பயிலத் தொடங்கினர். திருச்சபைச் சட்டத்தின் கட்டமைப்பும் அக்கல்வியால் உரம் பெற்றது. கப்பல் நின்றாலும் நிற்காத உரோமை அதுவே. கிடங்குக் கணக்கால் அதனை அளக்க இயலாது.

எனினும் இந்நூலை ஒதுக்கிவிடலாகாது. அரசர் பெயர்களையும் போர்களையும் வரலாறெனக் கொண்டிருந்த காலத்தில், ஒரு மடத்தின் மளிகைப் பட்டியலை வரலாறாக வாசிக்கக் கற்பித்தவர் பிரென். அவர் வாசிப்பு ஃபோஸ் துறையோடு நின்றுவிட்டது என்பதே நம் குறை. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறதென்று முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தினார். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் அறியும். விலையும் எடையும் எங்கும் உண்டு. பறித்தவர் எங்கும் இல்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியமர்ந்து போடிமெட்டு ஏறி, இடுக்கித் தோட்டங்களுக்குக் காய் பறிக்கச் செல்லும் பெண்களை நாள்தோறும் காணும் நமக்கு இந்த இன்மை உறுத்துகிறது. கோர்பிப் பட்டயம் பொருளைக் கொண்டுவரும் தூதருக்கு வழியில் தரவேண்டிய அன்றாட உணவைக்கூட வகைவகையாகக் குறித்துள்ளது. ஃபோசுக்கு அப்பால் யார் என்ன உண்டனர் என்று கேட்க அதற்குத் தேவை இருக்கவில்லை. 1937இன் நூலும் கேட்கவில்லை.