பட்டியலில் இல்லாத மரங்கள்

அடையாறு தியாசாபிகல் சொசைட்டி வளாகத்தில் பறவை பார்த்தவர்கள் எழுதிவைத்த பட்டியல்களை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தேன். மாங்குயில், வக்கா, மரங்கொத்தி, வலசை வரும் ஆறுமணிக்குருவி எல்லாம் இருக்கிறது. தேதி, நேரம், எண்ணிக்கை கச்சிதம். ஆனால் எந்தப் பறவை எந்த மரத்தில் இருந்தது? அது மட்டும் இல்லை. என் விமர்சனம் அதைப் பற்றித்தான்.

இந்தப் பட்டியல்களை மட்டும் படித்தால் அந்த இடம் ஆதியிலிருந்தே காடாக இருந்தது என்று தோன்றும். அப்படி இல்லைங்க. 1882இல் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் அது. பிறகு அக்கம்பக்கத்துத் தோப்புகளைச் சேர்த்து விரித்தார்கள். பல நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். ஆற்று முகத்துவாரத்தின் ஓரத்தில் மனிதர்கள் உண்டாக்கிய பசுமை அது.

"பறவைக்கு நாட்டு மரம், அயல் மரம்னு பேதம் தெரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மைனாவுக்கும் காகத்துக்கும் பெரிதாக வித்தியாசம் இல்லை. எல்லாப் பறவையும் அப்படி இல்லை.

எங்கள் பக்கத்துத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு வாட்டில் பட்டை வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டிலை, அதாவது சீகை மரத்தை, நட்டுப் பெருக்கியதற்குத் தோல் தொழிலின் தேவையும் ஒரு காரணம். புல்லில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி அங்கே இடம் இழந்தது. ஆனால் புல்வெளியில் மரம் வந்தால் மரத்துப் பறவைகளும் வரும். பட்டியலில் எண்ணிக்கை கூடவே செய்யலாம்! இழப்பு நடந்த இடத்தில் லாபக் கணக்கு காட்டும் பட்டியலை எப்படி நம்புவது?

கடற்கரையிலும் இதே கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு அரண் என்று சொல்லிப் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். சவுக்குத் தோப்பில் பறவை பார்த்துவிட்டு வருகிறவர், அதற்கு முன் அங்கே திறந்த மணல்மேடு இருந்ததா என்று கேட்பதே இல்லை.

அயல் மரங்களை நடுவதைக் காட்டமாக எதிர்த்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). அந்தக் கடுமை முழுவதும் எனக்கு உடன்பாடில்லை. அடையாறு மரங்களை வெட்டினால் பழைய கடலோரக் காடு திரும்பிவிடாது. ஆனால் நிலத்தைச் சேர்த்துப் பறவையைப் பார் என்ற அவரது பிடிவாதம் இன்றும் வேண்டியிருக்கிறது.

அமிர்தியில் இது இன்னும் அவசரம். 1967இல் தொடங்கிய வன உயிரியல் பூங்காவுக்கு வருகிறவர்கள் கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெளியே ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. சந்தனப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது குயிலும் சின்னானும் போன்ற பறவைகள். இங்கே பறவைதான் மரம் நடுகிறது. "சின்னான் – 6" என்று மட்டும் எழுதினால் இந்த உறவு எங்கே பதிவாகும்?

2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நல்ல காரியம். அடுத்த முறை ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: எந்த மரம், அது தானாக முளைத்ததா, யாராவது நட்டதா? பெயர் தெரியாவிட்டால் ஊர்க்காரரைக் கேளுங்கள். ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்திருக்கும்.