ஹோல்கம் ஊரும் கபோட்டியின் கடைசிப் பக்கங்களும்

ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' புத்தகத்தைப் போன வாரம் மறுபடியும் படித்தேன். கல்லூரி நாட்களில் படித்தபோது கொலைகாரர்கள் இரண்டு பேரும்தான் மனசில் நின்றார்கள். இந்தத் தடவை நின்றது அந்த ஊர்க்காரர்கள் வாங்கிய பூட்டுகள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்று ஒரு ஊர். அப்போது மொத்தமே முந்நூறு பேர்கூட இல்லை. கோதுமை வயல்கள், ரயில் பாதை, ஒரு பள்ளிக்கூடம். 1959 நவம்பர் 15 விடியற்காலையில் ஹெர்பர்ட் கிளட்டர் என்ற விவசாயி, அவர் மனைவி, 16 வயது மகள், 15 வயது மகன் நான்கு பேரும் அவர்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். வீட்டில் பணப்பெட்டகம் இருக்கிறது என்று சிறையில் கேள்விப்பட்டு வந்த ஹிக்காக், ஸ்மித் என்ற இருவர் செய்த வேலை. பெட்டகம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு.

புத்தகத்தின் பலம் எதுவென்று கேட்டால், கொலைக்கும் கைதுக்கும் நடுவிலுள்ள அந்த ஆறு வாரங்களைச் சொல்லுவேன். கதவைத் தாழ் போடாமலே தூங்கிப் பழகிய ஜனங்கள் கடைக்கு ஓடிப் பூட்டு வாங்குகிறார்கள். ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. யார் செய்தது என்று தெரியாததால், பக்கத்து வீட்டுக்காரரே ஒருவேளை செய்திருப்பாரோ என்று பார்க்க ஆரம்பிக்கிறார்கள். டிசம்பர் 30ஆம் தேதி லாஸ் வேகாஸில் இருவரும் பிடிபட்டதும் ஊர் நிம்மதி அடைந்திருக்கணும் இல்லையா? ஆனால் கொன்றவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதைப் பலரால் உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று கபோட்டியே எழுதுகிறார். ரொம்ப நுட்பமான கவனிப்பு இது. ஒருமுறை சந்தேகப்பட்ட முகத்தை மறுநாள் தபால் நிலையத்தில் எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகு புத்தகம் பெரும்பாலும் சிறைக்குள், ஸ்மித்தின் கடந்த காலத்துக்குள் போய்விடுகிறது. ஊர் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. 1965 ஏப்ரலில் தூக்குத் தண்டனை நிறைவேறும்வரை கபோட்டியால் புத்தகத்தை முடிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய கண் எங்கே இருந்தது என்று புரியும்.

என்னுடைய பெரிய குறை கடைசிக் காட்சியைப் பற்றியது. துப்பறியும் அதிகாரி ட்யூயி கல்லறைத் தோட்டத்தில், இறந்த பெண்ணின் தோழியைச் சந்திக்கிறார். அவள் வளர்ந்து கல்லூரியில் படிக்கிறாள், வாழ்க்கை தொடர்கிறது. படிக்க இதமாக இருக்கும். ஆனால் அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை, கபோட்டி கற்பனை செய்தது. குறிப்புகூட எடுக்காமல் எல்லாவற்றையும் நினைவில் வைத்து எழுதினேன், அத்தனையும் உண்மை என்று சொல்லிக்கொண்டவர் அவர்.

"ஒரு காட்சிதானே, இதுல என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தேதியிலோ உரையாடலிலோ வந்த பிழை என்றால் நானும் விட்டிருப்பேன். இங்கே இட்டுக்கட்டப்பட்டது ஊரின் ஆறுதல். அந்த ஊர் ஆறிவிட்டதா, எப்படி ஆறியது என்பதுதான் அவர் விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். விசாரிக்காத இடத்தை அழகான ஒரு மாலைப்பொழுதை வைத்து நிரப்பிவிட்டார்.

ஊருக்கு நடந்தது வேறு. 1967இல் வந்த திரைப்படத்தைக் கொலை நடந்த அதே வீட்டுக்குள் படம்பிடித்தார்கள். குடும்பத்தின் தாயை எப்போதும் நோயாளியாகக் காட்டிய சித்திரத்தை உறவினர்கள் மறுத்தார்கள். ஊர்ப் பூங்காவில் கிளட்டர் குடும்பத்துக்கு நினைவுச்சின்னம் வந்தது 2009இல்தான், ஐம்பது வருஷம் கழித்து. அந்த ஐம்பது வருஷமும் வெளியே இருக்கிறவர்களுக்கு ஹோல்கம் என்றால் அந்த ஒரு ராத்திரிதான்.

புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கட்டாயம் படியுங்கள், முதல் பாதியை நிதானமாகப் படியுங்கள். கடைசி இரண்டு பக்கம் வரும்போது மட்டும், இது ஹோல்கம்காரர்கள் சொன்னதல்ல என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.