‘ஷேகா’ அறிக்கையும் நாடுகளின் நிர்ப்பந்தமும்

கிழக்குத் திமோரில் 1974-ஆம் ஆண்டு முதல் 1999-ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த மனித உரிமை மீறல்களை ஆய்ந்த ஆணைக்குழு, தன் அறிக்கையை 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஷனானா குஸ்மாவோவிடம் அளித்தது. ‘ஷேகா’ என்பது அதன் பெயர். ‘போதும்’ என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல் அது. இரண்டாயிரத்து ஐந்நூறு பக்கங்களைக் கடந்த இந்நூலைத் திருப்பணியாளர் எவரும் முழுவதும் வாசிக்கப் போவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஓர் அரசின்மீது வெளிநாடுகள் கொண்டுவரும் நிர்ப்பந்தம் என்பது யாது, அது எப்பொழுது வருகிறது, ஏன் அவ்வளவு காலந்தாழ்த்தி வருகிறது என்னும் கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவாக விடையளிக்கும் நூலை நாம் கண்டதில்லை. அவ்வொரு நோக்கிலேயே இதனை இங்கு ஆராய்கிறோம்.

முதலில் அறிக்கையின் நேர்மையைக் குறிப்பிட வேண்டும். விடுதலை பெற்ற நாடு தன் துன்பத்தைப் பதிவு செய்யும்பொழுது பகைவனின் பாவத்தை விரித்தெழுதித் தன் பாவத்தை அடிக்குறிப்பில் அடக்குவது வழக்கம். இவ்வாணைக்குழு அவ்வாறு செய்யவில்லை. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் யு.டி.டி., ஃபிரெத்திலின் ஆகிய இரு கட்சியினரும் சிறைப்பட்டவர்களைக் கொன்றதை அது மறைக்காமல் எழுதுகிறது. 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த பொது விசாரணையில் அக்கட்சிகளின் தலைவர்களே மக்கள்முன் அமர்ந்து அக்காலத்தைப் பற்றிச் சாட்சியம் அளித்தனர். ஆணைக்குழுவின் அலுவலகம் இருந்த இடமோ, முன்னாளில் கைதிகள் வதைக்கப்பட்ட திலி நகரின் பலிதே சிறைச்சாலை.

தன்னைத்தான் தீர்த்துக்கொண்ட பின்னரே பிறரைத் தீர்ப்பதால், அறிக்கையின் வெளிநாடுகளைப் பற்றிய பகுதிக்குத் தனி வலிமை உண்டு. இந்தோனேசியப் படை 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் திலியில் இறங்கிற்று. அதற்கு முந்திய நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டும் வெளியுறவுச் செயலர் கிசிஞ்சரும் ஜகார்த்தாவில் சுகார்த்தோவுடன் பேசினர். அப்பேச்சின் குறிப்புகள் 2001-ஆம் ஆண்டில் முழுமையாக வெளியாயின. படையெடுப்பைத் தடுக்க அவர்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. தாங்கள் நாடு திரும்பும்வரை பொறுத்திருப்பது நலம் என்பதே கிசிஞ்சரின் கவலை. இந்தோனேசியப் படையிடம் அன்று இருந்த கருவிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்கா வழங்கியவை.

ஐக்கிய நாடுகள் சபையும் வாளாவிருக்கவில்லை. பாதுகாப்புச் சபை 1975-இலும் 1976-இலும் இரு தீர்மானங்களின் வாயிலாகப் படைகளைத் திரும்பப் பெறுமாறு கேட்டது. பொதுப்பேரவை 1975 முதல் 1982 வரை ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றிற்று. முதலாண்டில் ஆதரவு 72 வாக்குகள், எதிர்ப்பு 10. அந்தப் பத்தில் இந்தியாவின் வாக்கும் ஒன்று என்பதை நம் வாசகர் அறிவது நன்று. காலனி ஆதிக்கத்தை எதிர்த்துப் பேசிய நாடு, ஆதிக்கஞ் செய்வோன் ஆசியனாய் இருந்தபோது வேறுவிதமாக வாக்களித்தது. 1982-இல் ஆதரவு 50-ஆகக் குறைந்தது, எதிர்ப்பு 46-ஆக வளர்ந்தது. அதன்பின் வாக்கெடுப்பே இல்லை. 1979-இல் ஆஸ்திரேலியா இணைப்பைச் சட்டமுறையில் ஏற்றுக்கொண்டு, பத்தாண்டுக்குப்பின் திமோர்க் கடலின் எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்ள ஜகார்த்தாவுடன் உடன்படிக்கை செய்தது. தீர்மானங்கள் ஒரு பக்கம் குவிய, விமானங்கள் மறுபக்கம் விற்கப்பட்டன. 1977, 1978-ஆம் ஆண்டுகளில் மலைகளில் ஒதுங்கியிருந்த மக்கள்மீது குண்டு பொழிந்தவை அமெரிக்காவில் செய்யப்பட்ட ‘பிராங்கோ’ விமானங்கள்.

லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவையை நம்மவர் இத்தகைய சூழலில் எடுத்துக்காட்டாகப் பிரசங்கிப்பது உண்டு. விடாமல் வந்து அலட்டுகிறவளுக்கு அநீதியுள்ள நியாயாதிபதியும் இறுதியில் நியாயஞ் செய்கிறான். ஆகவே வல்லரசுகளின் வாசலில் தட்டிக்கொண்டே இருங்கள் என்பது அப்பிரசங்கத்தின் சாரம். ‘ஷேகா’வை வாசித்தபின் இவ்விளக்கம் நமக்குப் போதாததாய்த் தோன்றுகிறது. உவமையின் நியாயாதிபதி சோம்பலுள்ளவன், அச்சமற்றவன். ஆனால் விதவையின் எதிராளிக்கு வாள் விற்றவன் அல்லன். திமோர் மக்கள் மன்றாடியதோ வாள் விற்றவரிடம். ‘நிர்ப்பந்தம் கொண்டுவந்த நாடுகள்’ என்ற வழக்குச்சொல், அந்நாடுகள் அதுவரை நடுநிலையில் நின்றன என்ற பொய்யைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கிறது. தரவேண்டிய நிர்ப்பந்தத்தைவிட, நிறுத்தவேண்டிய உதவியே பெரிது என்பதைச் சான்றுகளுடன் நிறுவியதே அறிக்கையின் தலையாய பணி.

1999-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஆகஸ்டு 30-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவை விட்டுப் பிரிய வாக்களித்தனர். முடிவு செப்டம்பர் 4-ஆம் நாள் அறிவிக்கப்பட்டதும், படையின் துணையோடு ஆயுதக்குழுக்கள் நாட்டைக் கொளுத்தின. சுவாய் நகரின் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களும் அவர்களோடு மூன்று குருக்களும் செப்டம்பர் 6-ஆம் நாள் கொல்லப்பட்டனர். 9-ஆம் நாள் அமெரிக்கா இராணுவ உறவைத் துண்டித்தது. பன்னாட்டு நிதி அமைப்புகளும் கைவிரிக்கும் அறிகுறி காட்டின. 12-ஆம் நாள் அதிபர் ஹபிபி பன்னாட்டுப் படையை ஏற்கச் சம்மதித்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் முடியாதெனச் சொல்லப்பட்டது மூன்றே நாட்களில் முடிந்தது.

ஒரு மறுப்பு எழலாம். 1997-இல் வந்த பொருளாதார நெருக்கடியால் ஜகார்த்தா கடனை நம்பி வாழ்ந்தது, சுகார்த்தோவும் 1998-இல் வீழ்ந்துவிட்டார், ஆகையால்தான் நிர்ப்பந்தம் பலித்தது என்பர். இதில் உண்மை உண்டு. 1991-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்தில் நடந்த படுகொலைக்குப்பின் நெதர்லாந்து உதவியை நிறுத்தி வைத்தபோது, சுகார்த்தோ 1992-இல் அந்த உதவியே வேண்டாம் என்று ஒதுக்கினார். ஏனைய நாடுகள் உலக வங்கியின் தலைமையில் வேறோர் அமைப்பின்வழி பணம் தந்தன. ஒரு சிறிய நாடு தனித்து நின்றால் நேர்வது இதுவே. ஆனால் ஆயுதத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தந்தவனுக்கு 1975-இல் வலிமை இல்லை என்று எவ்வாறு கூற இயலும்?

இதன் தொடர்ச்சியாகவே, இந்தோனேசியா மட்டுமன்றிப் பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பு நாடுகளும், ஆயுதம் விற்ற நிறுவனங்களும் இழப்பீடு தரவேண்டும் என அறிக்கை பரிந்துரைத்தது. குஸ்மாவோ அதனை விரும்பவில்லை. விடுதலைக்குத் துணைநின்ற நாடுகளிடமே தண்டம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது எனக் கருதினார். பெரும் அயல்நாட்டை அருகில் வைத்துக்கொண்டு பசித்த மக்களை ஆளவேண்டியவரின் அச்சம் நமக்கு விளங்காமல் இல்லை. எனினும் கொடாதவனிடம் கேட்பது பயனற்றது என்பதால் கடன் கடனல்ல என்றாகிவிடாது. இவ்விடத்தில் நாம் ஆணைக்குழுவின் பக்கமே நிற்கிறோம்.

திருச்சபையைப் பற்றிய பகுதிகள் அத்துணை நிறைவு தரவில்லை. அப்போஸ்தலிக்க நிர்வாகி மார்ட்டின்ஹோ த கோஸ்தா லோப்பஸ் படையின் கொடுமைகளை வெளிப்படையாகப் பேசி, 1983-இல் பதவி விலக நேர்ந்தது. வத்திக்கானோ இந்தோனேசியாவிலுள்ள சிறுபான்மைக் கத்தோலிக்கரை எண்ணி அடக்கமாய்ப் பேசிற்று. ஆனால் இணைப்பை ஒருபோதும் ஏற்கவில்லை, திலி மறைமாவட்டத்தை இந்தோனேசிய ஆயர் பேரவையில் சேர்க்கவுமில்லை. 1981-இல் வழிபாட்டுக்கு இந்தோனேசிய மொழியை விடுத்துத் தேத்தும் மொழி ஏற்கப்பட்டது. அதன் விளைவு எத்தனையோ கண்டனங்களினும் ஆழமானது. லோப்பசின்பின் வந்த ஆயர் பெலோ 1989-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலருக்கு எழுதி வாக்கெடுப்பு வேண்டினார். 1996-இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று இப்பகுதியை வாசிப்பவர், 2022-இல் வெளிவந்த செய்தியையும் உடன்வைத்தே வாசிக்கவேண்டும். பெலோ சிறுவர்களைப் பாலியல் முறையில் துன்புறுத்தினார் என்ற குற்றச்சாட்டு அவ்வாண்டு வெளியாயிற்று. 2020-இலேயே அவர்மீது கட்டுப்பாடுகள் விதித்திருந்ததை வத்திக்கான் ஒப்புக்கொண்டது. படைவீரரின் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு வாய்திறக்க இடமளித்த இவ்வறிக்கைக்கு இது எட்டாமற் போயிற்று. வெளியிலிருந்து நிர்ப்பந்தம் வேண்டிய திருச்சபைக்குள்ளும், வெளியிலிருந்து நிர்ப்பந்தம் வந்தபின்னரே வாய்திறந்த ஒரு மௌனம் இருந்தது. இதைச் சொல்லக் கத்தோலிக்கரல்லாத நமக்குக் கூசவேண்டியதில்லை; நம் பேராயங்களின் கதவுகளும் கண்ணாடியால் ஆனவை அல்ல.

ஒப்புரவு பற்றி ஒரு சொல். சிற்றூர்களில் பெரிய பாயை விரித்து, மூத்தோர் முன்னிலையில் தவறிழைத்தவனை மீண்டும் ஏற்கும் மரபைப் பின்பற்றி, 1,300-க்கு மேற்பட்டோர் ஊருடன் ஒப்புரவாயினர். வீடு கொளுத்தியவனும் ஆடு களவாடியவனும் பாயில் அமர்ந்தனர். கொலைக்கு ஆணையிட்டவர்கள் கடலுக்கு அப்பால் பதவியில் இருந்தனர். ஜகார்த்தாவின் சிறப்பு நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட 6 பேரும் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். சிறியோனின் மனஸ்தாபத்தின்மேல் கட்டப்பட்ட இந்த ஒப்புரவை ஆணைக்குழு சற்று மிகையாகவே போற்றுகிறது என்பது நம் கருத்து.

முழுநூலையும் வாசிக்க இயலாத மாணவர்கள் ஏழாம் பகுதியில் இரண்டு அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, தன்னாட்சி உரிமையைப் பற்றியது; அதில் தூதர்களும் அமைச்சர்களும் பேசுகிறார்கள். மற்றது, இடப்பெயர்ச்சியையும் பஞ்சத்தையும் பற்றியது. இறந்தோரென ஆணைக்குழு குறைந்த அளவாக மதிப்பிட்ட 1,02,800 பேரில் 84,200 பேர் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள். இரண்டையும் ஆண்டுவாரியாக எதிரெதிரே வைத்து, 1978-ஆம் ஆண்டில் தொடங்கி வாசிக்கவும்.