நீலியின் கண்ணீரும் ஸ்கிப் பொத்தானும்

டயாப்லோ 4 விளையாட்டில் இரண்டாவது பாத்திரத்தை உருவாக்கும்போது ஒரு சின்னக் கட்டம் திரையில் வருகிறது. அதில் டிக் அடித்தால் கதை போய்விடும். முன்கதை, ஆறு அங்கங்கள், முடிவுரை எல்லாம் நடந்து முடிந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டு, புதிய பாத்திரம் நேராக ஊருக்குள் வந்து நிற்கும். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. 2023 ஜூன் மாதம் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு இது. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப் பருவம் தொடங்குகிறது, ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப் பாத்திரம் வேண்டும். ஆகவே தொடர்ந்து ஆடுகிறவர்களுக்குக் கதை என்பது முதல்முறை கட்டிவிட்டு மறந்துவிடும் சுங்கம்.

இது ஒரு விளையாட்டின் வழக்கம் மட்டுமல்ல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2014இலேயே ஒரு பாத்திரத்தை ஒரே தாவலில் தொண்ணூறாம் நிலைக்கு ஏற்றிவிட அறுபது டாலர் வாங்கியது. கதைக்குப் பேர்போன ஃபைனல் ஃபேண்டஸி 14, 2017 முதல் கதையைத் தாண்டும் வசதியைக் காசுக்கு விற்கிறது. கதை எழுத ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பதும் அந்தக் கதையைக் கேட்காமல் இருக்கக் காசு வாங்குவதும் ஒரே கம்பெனிதான். இந்த வியாபார சாமர்த்தியத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாண்டப்படுவது யாருடைய கதை என்பதில்தான் என் கவனம்.

ஒத்தக்கடையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் முதுகலை மாணவி ஒருத்தி இந்த விளையாட்டில் நான்கு பாத்திரங்கள் வைத்திருக்கிறாள். கதையை ஒருமுறை முழுக்க ஆடினாள், மற்ற மூன்றுக்கும் ஸ்கிப். ஏன் என்று கேட்டேன். "கதைதான் ஒருதடவ பாத்தாச்சே மேம். லீவுக்கு ஊருக்குப் போனாத்தான் விளையாடவே முடியும். தம்பி எந்திரிச்ச பிறகுதான் கம்ப்யூட்டர் கைக்கு வரும். அதுக்குள்ள பத்து மணி ஆயிரும். எனக்கு இருக்கிறதே ரெண்டு மணி நேரம், அதுல திரும்பவும் உக்காந்து கதை கேக்கவா?" என்றாள்.

இந்தப் பதிலைக் குறைத்து மதிப்பிட முடியாது. அடுக்களை ஒழிந்த பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் வாசிப்பதா, எழுதுவதா, தூங்குவதா என்று கணக்குப் போட்ட பெண்கள்தான் நம்மில் அநேகம் பேர். பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்துத்தான் நாம் தொடர்கதைகளையே படித்து முடித்தோம். எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்ற முடிவு தன் கையில் இருப்பது ஒரு பெண்ணுக்குச் சின்ன விஷயமில்லை. ஆகவே ஸ்கிப் பண்ணுகிற கையை நான் குற்றம் சொல்லவில்லை. ஸ்கிப் பண்ணிய பிறகு அந்த உலகத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

டயாப்லோ 4இன் கதை லிலித்தின் கதை. வெறுப்பின் அதிபதியான மெஃபிஸ்டோவின் மகள் அவள். இனாரியஸ் என்ற தேவதூதனோடு சேர்ந்து மனிதர்கள் வாழும் உலகத்தை உண்டாக்கியவள். பிறந்த குழந்தைகளை அவன் அழித்துவிடுவானோ என்று அஞ்சிக் கொலைகள் செய்தவள். அதற்காக அவனால் வெளியே துரத்தப்பட்டவள். அவள் திரும்பி வருவதில் கதை தொடங்குகிறது. வந்தவள் சொல்வது இதுதான்: நரகம் உங்களை விழுங்க வருகிறது, என்னால் மட்டுமே உங்களைப் பலப்படுத்த முடியும். இந்தக் கதையில் பெற்ற மகன் ராத்மாவைக் கொல்வது தகப்பன் இனாரியஸ். ஆனால் ஆடுகிறவர் கடைசியில் கொல்லவேண்டியது தாயை. வேறு வழி கிடையாது. நடுவே நெய்ரெல் என்ற சிறுபெண் வருகிறாள். அவள் தாய் வெனார்ட் லிலித்தின் அழைப்பில் மயங்கி மகளை விட்டுப் போய்விடுகிறாள். முதல் அங்கத்தின் முடிவில் மகள் பார்த்துக்கொண்டிருக்க நாம் அந்தத் தாயோடு சண்டை போட்டுக் கொல்கிறோம். தாய்மை பற்றி இந்த விளையாட்டுக்கு இருக்கும் பயம் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே அதற்கு இடமில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளும் லிலித்துக்கு ஒரு வாதம் இருக்கிறது. அவள் பேசுகிறாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டோ என்று ஆடுகிறவருக்கு ஒரு நிமிஷமாவது தோன்றும்.

கதையைத் தாண்டிய பாத்திரத்துக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. அதற்கு லிலித் ஒரு சிலை. நாடு முழுக்க மூலைமுடுக்கில் லிலித்தின் சிறு சிலைகள் ஒளிந்திருக்கும். முதலில் வந்த விளையாட்டில் மொத்தம் 160. தேடிப்போய்த் தொட்டால் வலிமையில் இரண்டு புள்ளி, அறிவில் இரண்டு புள்ளி என்று கூடும். ஒரு பாத்திரம் தொட்ட பலன் அடுத்த பாத்திரங்களுக்கும் சேரும். கதை போய், சிலையும் பலனும் மட்டும் நிற்கின்றன. இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் இது நமக்கு நன்றாகத் தெரிந்த ஏற்பாடு. கொல்லப்பட்ட பெண்ணுக்கு ஊரெல்லையில் ஒரு கல். வருஷத்துக்கு ஒரு பொங்கல். கேட்டால் பிள்ளை வரம் தருவாள், மழை தருவாள். யார் கொன்றார்கள், எதற்குக் கொன்றார்கள் என்று பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் பழைய கதை தாயி" என்பார்.

லிலித்தே யூத மரபில் அப்படி ஆனவள்தான். ஆதாமின் முதல் மனைவி, அவனுக்குக் கீழே கிடக்க மறுத்து வெளியேறியவள் என்று இடைக்காலக் கதை ஒன்று சொல்கிறது. நெடுங்காலம் அவள் பெயர் பச்சைக் குழந்தைகளைக் காக்கும் தாயத்துகளில் விரட்டப்படவேண்டிய பேயின் பெயராக மட்டுமே இருந்தது. 1972இல் ஜூடித் பிளாஸ்கோ அவளை வைத்து வேறொரு கதை எழுதினார். 1976இல் நியூயார்க்கில் யூதப் பெண்ணியர்கள் தங்கள் பத்திரிகைக்கே லிலித் என்று பெயர் வைத்தார்கள். கதையைத் திரும்ப ஆடுவது என்றால் இதுதான்.

நம்மிடம் நீலி இருக்கிறாள். "நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்று எத்தனை வீட்டில் எத்தனை பெண்களைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். பொய்யழுகை என்று அகராதி பொருள் சொல்லும். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் கதை பலருக்கும் பாதிதான் தெரியும். ஒரு பேய், பெண்ணுருவம் எடுத்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைத் தன் கணவன் என்று ஊர்ச்சபையில் அழுது முறையிட்டது. வேளாளர் எழுபது பேர் அவளை நம்பினார்கள். "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று சொல்லி வணிகனை அவளோடு அனுப்பினார்கள். இரவில் அவனைக் கொன்றாள். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அவர்களுக்குப் புகழ், அவளுக்கு ஒரு வசைச்சொல்.

தாண்டப்பட்டது இதற்கு முந்தைய பிறவி. அந்தப் பிறவியில் அவள் அவன் மனைவி. அவன்தான் அவளைக் கொன்றவன். அவன் மறுபடி பிறந்தபோது வணிகனாக வந்தான், பழையது எதுவும் அவனுக்கு நினைவில்லை. விளையாட்டின் மொழியில் சொன்னால், இரண்டாவது பாத்திரத்தை உருவாக்கிக் கதையை ஸ்கிப் செய்தவன் அவன். அவளுக்கு அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வழியில்லை. பேயாக அதே பழைய கதைக்குள்ளேயே நின்றாள். இந்தப் பிறவியை மட்டும் பார்த்தால் அவள் கண்ணீர் பொய். இவன் என் கணவன், இவனால் நான் கெட்டேன் என்று அவள் அழுதது முந்தைய பிறவியைச் சேர்த்துப் பார்த்தால் அத்தனையும் உண்மை. முன்கதையை எடுத்துவிட்டால்தான் "நீலிக்கண்ணீர்" என்ற சொல்லே உருவாக முடியும்.

அப்படியானால் முன்கதையைச் சொல்வது எப்போதும் பெண் பக்கம் நிற்பதா? அதுவும் இல்லை. மதுரைக்காரியான எனக்கு இது மறக்கமுடியாத இடம்: சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை. பள்ளிப் பாடத்தில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது வழக்குரை காதை, இருபதாவது. சிலம்பு உடைகிறது, பாண்டியன் விழுகிறான், மணி அடிக்கிறது. இருபத்துமூன்றாவதான கட்டுரை காதை வரை நம் பிள்ளைகள் வருவதில்லை. அங்கே நகரம் எரிந்துகொண்டிருக்க, ஒரு முலையை இழந்து நிற்கும் கண்ணகியின் முன்னால் வர அஞ்சி, பின்புறமாக வந்து நிற்கிறாள் மதுராபதித் தெய்வம். வந்து கதை சொல்கிறாள். பாண்டியர் முறை தவறாதவர்கள் என்று சொல்கிறாள். பிறகு முற்பிறவி: சிங்கபுரத்தில் அரசனுக்கு வேலை பார்த்த பரதன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி பதினான்கு நாள் அலைந்து, மலையேறிச் சாபமிட்டு உயிர்விட்டாள். அந்தப் பரதன்தான் கோவலன். சாபமிட்டவளின் பெயரும் நீலிதான். பழையனூர்க்காரி வேறு, இவள் வேறு.

விளையாடுகிற பெண்களுக்கு இந்தக் காட்சி உடனே புரியும். ஸ்கிப் பண்ணமுடியாத வீடியோ இது. சண்டை முடிந்து, கை ஓய்ந்து நிற்கிறவளைப் பிடித்து நிறுத்தி, நடந்ததற்கெல்லாம் காரணம் வேறு என்று ஒரு முழுக் கதை ஓடுகிறது. அரசன் மேல் இருந்த பழி கொஞ்சம் இறங்குகிறது. ஒரு பெண்ணின் துயரத்துக்கு இன்னொரு பெண்ணின் சாபம் காரணமாகிறது. முற்பிறவியில் கண்ணகி செய்தது என்ன என்று மதுராபதி சொல்வதே இல்லை. பழையனூரில் முன்கதையை மறைத்து ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கினார்கள்; மதுரையில் முன்கதையைச் சொல்லி ஒருத்தியின் கோபத்தை அணைக்கப் பார்த்தார்கள். இரண்டிலும் லாபம் ஊருக்கு. கண்ணகி கேட்டுக்கொள்கிறாள், சமாதானம் ஆகவில்லை. கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு, கணவனோடு கிழக்கு வாசல் வழியாக வந்தவள் தனியாக மேற்கு வாசல் வழியாக வெளியேறுகிறாள்.

மாற்றுப் பாத்திரம் என்று உண்மையாகவே சொல்லத்தக்க ஒருத்தி தமிழில் உண்டு: நீலகேசி. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று, அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார். பெயர் தெரியாத சமணப் புலவர் ஒருவர் அதே பழையனூர் நீலியை எடுத்துக்கொண்டார். காளியின் பொருட்டு முனிவரைப் பயமுறுத்தி விரட்ட வந்தவள், அவர் அசையாதது கண்டு மாணவியாகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசி தொடங்கி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதிகள் என்று எல்லோரோடும் வாதம் செய்து வெல்கிறாள். இங்கும் கொலைக்கதை கிடையாது. அவரும் ஸ்கிப் செய்தவர்தான். ஆனால் சிலையாக்கிப் புள்ளி வாங்கவில்லை, அழுதவள் வாயில் தர்க்கத்தைக் கொடுத்தார். கொடுத்ததற்கு விலையாக அவள் கோபத்தை எடுத்துக்கொண்டார் என்பதும் உண்மை. வாதத்தில் ஜெயிக்கும் நீலகேசி ஒரு இடத்திலும் தனக்காக வாதாடுவதில்லை. ஆனைமலைப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு இறங்கும்போதெல்லாம் எனக்கு இவள் நினைவு வரும். சமண இயக்கிதான் தெற்கே போய் இசக்கி ஆனாள் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அந்த இசக்கியின் வில்லுப்பாட்டில் நீலி மறுபடி கொலையுண்ட மனைவியாகவே வந்து நிற்கிறாள். புலவர் தாண்டியதைப் பாட்டுக்காரர்கள் தாண்டவில்லை.

டயாப்லோவின் மேல் எனக்குள்ள பெரிய புகார் ஸ்கிப் பொத்தான் அல்ல. பெண் மந்திரவாதியாக ஆடினாலும் ஆண் காட்டுமிராண்டியாக ஆடினாலும் கதையின் போக்கு ஒன்றே. உடல் மாறுகிறது, குரல் மாறுகிறது, லிலித் சொல்வதும் முடிவில் அவளைக் கொல்வதும் மாறுவதில்லை. பெண்ணாக வந்தவளிடம் அந்தத் தாய் வேறுவிதமாகப் பேசியிருக்கலாமே? அப்படி ஒரு காட்சி இருந்திருந்தால் என் மாணவி இரண்டாம் முறையும் கேட்டிருப்பாள். மதுரையைச் சுற்றி விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி திருமணம் எத்தனை ஆயிரம் முறை ஆடப்பட்டிருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமாகிவிட்டார். கதை தெரியாதவர்கள் ஊரில் யாரும் இல்லை. வள்ளியாக ஒரு ஊர்க்காரி, நாரதராக இன்னொரு ஊர்க்காரர், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் ஆகுமா என்று அறிய யாரும் பாயோடு வந்து உட்காருவதில்லை. இன்றைக்கு வந்திருக்கிற வள்ளி நாரதரைத் தர்க்கத்தில் எப்படி மடக்குகிறாள் என்று பார்க்க வருகிறார்கள். ஆள் மாறினால் கதையும் கொஞ்சம் மாறும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மறுபடி கேட்பது சலிக்காது.

2024 அக்டோபரில் டயாப்லோ 4க்கு அடுத்த பகுதி வந்தது. முதல் கதையின் முடிவில் மெஃபிஸ்டோவை அடைத்த கல்லைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கப்பலேறிப் போன நெய்ரெலைத் தேடுவதுதான் அதன் கதை. தாண்டி வந்த பாத்திரங்களும் அவளைத் தேடித்தான் ஆகவேண்டும், யாரென்றே தெரியாமல். மாணவி ஊரிலிருந்து ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி மகள் கேட்டாளாம்: "யாருக்கா இந்தப் பிள்ள? இவ அம்மா எங்க?" கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, வெனார்ட் போனதையும் மகள் பின்னாலேயே தேடிப்போனதையும் பனிமலைக் குகைக்குள் நடந்ததையும் இவள் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். திரையில் அவளுடைய நான்காவது பாத்திரம் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. இரண்டு மணி நேரமும் அதிலேயே போய்விட்டது மேம் என்றாள்.