வயித்துல ஒரு நட்சத்திரம்

குழந்தைகளுக்கான படப் புத்தகம்னா அதுல அரசியல் கிடையாது என்பது நம்ம பொதுப்புத்தியில் ஊறிப்போன நினைப்பு. பூ, நிலா, பூனைக்குட்டி, கையத் தட்டி ரெண்டு பாட்டு. விமர்சகர்கள் அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கிறதில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று பிள்ளைக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுப்பது அந்தப் புத்தகங்கள்தான். அதனால் அப்படி ஒன்றைப் பேசலாம் என்றிருக்கிறேன்.

அமெரிக்காவின் தியோடர் சூஸ் கீசல் (1904–1991), 'டாக்டர் சூஸ்' என்ற பெயரில் எழுதி வரைந்த 'ஸ்னீட்சஸ்' கதை 1961ல் புத்தகமாக வந்தது. கடற்கரையில் பறவை மாதிரியான பிராணிகள். சிலதுக்கு வயித்துல நட்சத்திரம், சிலதுக்கு வெறும் வயிறு. நட்சத்திரக்காரங்க மத்தவங்களை விளையாட்டுல சேக்கமாட்டாங்க, விருந்துக்குக் கூப்பிடமாட்டாங்க. ஒரு வியாபாரி இயந்திரத்தோட வந்து சேர்றான். 3 டாலர் குடுத்தா நட்சத்திரம் வச்சுவிடுவான். எல்லாருக்கும் நட்சத்திரம் வந்ததும் பழைய நட்சத்திரக்காரங்களுக்குப் பொறுக்கலை. 10 டாலர் வாங்கிக்கிட்டு அவங்களுக்கு அதை அழிச்சுவிடுறான். இனிமே வெறும் வயிறுதான் ஒசத்தி!

இதுக்கப்புறம் வரும் பக்கம்தான் இந்தப் பிரதியின் உயிர். ஒரு இயந்திரத்துல நுழைஞ்சு, இன்னொண்ணுல வெளிய வந்து, எல்லாரும் சுத்திச் சுத்தி ஓடுறாங்க. சூஸுடைய சந்தம் ரெண்டு அசை மெல்ல, மூணாவது ஓங்கி என்று போகும். பறை கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமில்லை. அந்த ஓட்டத்துல வாசிக்கிறவன் நாக்கும் புரண்டு, எவன் எவன்னு அவனுக்கே தெரியாமப் போகுது. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஒசந்தவன் தலையில் விழுகிறது என்பதைக் கவனிக்கணும். நம்ம சினிமாவிலும் பத்திரிகை ஜோக்குகளிலும் கறுப்பு நிறமும், சேரிப் பேச்சும், தின்கிற கறியும்தானே காலங்காலமாகச் சிரிப்புக்குச் சரக்கு?

யூத வெறுப்பை எதிர்த்தே இக்கதையை எழுதினதாக சூஸ் சொல்லியிருக்கிறார். நாஜிகள் யூதர்களை இழிவுபடுத்தக் குத்தின நட்சத்திரம், இங்கே ஒசந்தவனின் அடையாளமாகத் தலைகீழாகிறது. நல்ல புத்தி. ஆனா இதே மனுசன்தான் 1942 பிப்ரவரியில், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்கள் வெடிமருந்து வாங்க வரிசையில் நிற்பதாக நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கார்ட்டூன் போட்டவர். அடுத்த வாரமே வந்த அரசாணையால் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவருடைய ஆறு படப் புத்தகங்களை, அதிலுள்ள இனவாதச் சித்திரங்களுக்காக இனி அச்சிடுவதில்லை என்று அவர் நூல்களை நிர்வகிக்கும் நிறுவனமே 2021ல் அறிவித்தது. 'ஸ்னீட்சஸ்' அந்தப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டியதுமில்லை. அதோட எனக்குள்ள சண்டை வேற.

எங்க தெருவில் சாயங்கால வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை இங்கிலீஷ்ல வாசிச்சுத் தமிழ்ல சொல்வேன். ஒரு பையன் கேட்டான்: "நட்சத்திரம் இல்லாதவங்களுக்குக் காசு ஏதுண்ணே?" அந்தக் கடற்கரையில் யாரும் வேலை செய்வதாகவே படம் இல்லை. விருந்து நடக்குது, சமைச்சவன் யாரு, கூட்டினவன் யாரு? சாதி என்பது உழைப்பவர்களையே கூறுபோட்டு ஒருத்தன் மேல ஒருத்தனை அடுக்கி வச்சது என்று 1936லேயே எழுதினார் அம்பேத்கர். சூஸுக்கு ரெண்டே படி. உழைப்பு இல்லாத ரெண்டு படி.

ஒசந்தவனின் அடையாளத்தைத் தாழ்ந்தவன் எடுத்துக்கிட்டா, கதையில் அவன் காசு குடுத்து வேற அடையாளம் தேடுறான். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சீலை போட்டபோது சீலையைக் கிழிச்சாங்க, வீட்டைக் கொளுத்தினாங்க. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859ல் ராஜா அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது. அந்த ஆணையை எழுதினவனுக்கு நட்சத்திரத்தோட அர்த்தம் சூஸை விட நல்லாத் தெரிஞ்சிருந்தது. கதையில் ஒரு அடி விழவில்லை, ஒரு குடிசை எரியவில்லை.

கடைசியில் எல்லார் காசும் தீர்ந்து, யாருக்கு முதல்ல நட்சத்திரம் இருந்ததுன்னு தெரியாமப் போய், எல்லாரும் அதை மறந்து ஒண்ணாயிடுறாங்க. இந்த இடத்துல ஒரு சின்னப் பொண்ணு, "ஊர்ல கேட்டா சொல்லிருவாங்களேண்ணே?" என்றாள். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று ரெண்டே கேள்வியில் தெரிஞ்சுக்கிற ஊர்ல வளர்கிற பிள்ளை அது. நமக்கு மறதி வாய்ச்சாலும் ஊருக்கு வாய்க்காது.

இருந்தும் புத்தகத்தை ஒதுக்கி வைக்க எனக்கு மனசில்லை. கடைசிப் பக்கம் முடிஞ்சதும் பிள்ளைங்க புத்தகத்தைப் பிடுங்கி, அந்த இயந்திரம் ஓடுற பக்கத்துக்குப் புரட்டி, "இதை இன்னொரு தடவ"ங்குதுங்க. மூச்சு வாங்க வாங்க மறுபடியும் வாசிக்கிறேன்.