‘நாத்திகரா இருந்தாலும்’: ஓர் இழிவு சிறப்பும்மை பற்றி

‘நாத்திகரா இருந்தாலும் நல்ல மனுசன்.’ என்னைப் பற்றி இப்படிச் சொன்னவர்கள் யாரும் என்னைத் திட்டியவர்கள் அல்ல. வாடகைக்கு வீடு கொடுத்தவர் பக்கத்து வீட்டாரிடம் சொன்னார். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சித்தப்பா சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மேடையில் மாலையோடு சேர்த்து இதையும் போட்டார்கள். நானும் கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பாராட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ‘உம்’தான் இப்போது உறுத்துகிறது. அதை எந்த வகை உம்மையில் சேர்ப்பது என்று புலவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அது செய்கிற வேலை இழிவு சிறப்பும்மையின் வேலை. தாழ்ந்தவர் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஒருவரை எல்லைக்கல்லாக நட்டுவைத்து, ‘இன்னாரும்கூட’ என்று அளக்கிற உம்மை. இதற்கு உரைகள் வழிவழியாகத் தரும் உதாரணம் புலையரை வைத்துச் சொல்லப்பட்டது. தமிழ் படித்தவர்கள் அதை வகுப்பில் எந்தச் சலனமும் இல்லாமல் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறோம். நாத்திகரையும் புலையரையும் ஒரே தட்டில் வைக்கிற அபத்தத்தை நான் செய்யவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பற்றித்தான் கடைசியில் பேசப்போகிறேன்.

பல வருசங்களுக்கு முன் ஒரு சிவில் வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். எங்கள் ஊர்ச் சேரியில் ஒரு அம்மா, ஆட்டை விற்றும் நூறு நாள் வேலையிலும் சேர்த்த காசை ஊர்க்காரர் ஒருவருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக் கடன் கொடுத்திருந்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. கடன் வாங்கியவர் கையெழுத்தே தன்னுடையது இல்லை என்றுவிட்டார். கூண்டில் ஏறியதும் ‘கடவுள் அறிய’ என்று எடுத்துக் கொடுத்தார்கள். ‘உளமார உறுதி சொல்கிறேன்’ என்றேன். 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, யாரும் தடுக்கவில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியாக எதைக் கேட்டார் தெரியுமா? ‘உங்களுக்குச் சாமி நம்பிக்கை கிடையாதுல்ல?’ கிடையாது. ‘அப்ப நீங்க யாருக்குங்க பயப்படணும்?’

இந்தக் கேள்வியை அவர் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. 1689-ல் வெளிவந்த சகிப்புத்தன்மை குறித்த கடிதத்தில் ஜான் லாக், யார் யாரைச் சகித்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு நாத்திகரை வெளியே நிறுத்துகிறார். காரணம் இறையியல் அல்ல, வியாபாரம். சத்தியம், ஒப்பந்தம், வாக்குறுதி எதுவும் நாத்திகனைக் கட்டாது என்கிறார். தாராளவாதத்தின் தகப்பன் என்று பாடப்புத்தகம் சொல்கிற ஆள்! இதன் இந்தியக் கிளைக்கதை இன்னும் சுவாரசியம். 1744-ல் லண்டனில் ஹார்ட்விக் பிரபு முன்னால் ஓமிசந்த் என்ற கல்கத்தா வியாபாரியின் வழக்கு வருகிறது. அவர் தரப்பு இந்துச் சாட்சிகள் வங்காளத்தில் பிராமணரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறார்கள். பைபிளைத் தொடாதவன் சாட்சி செல்லுமா? செல்லும் என்றது தீர்ப்பு. தண்டிக்கிற ஒரு கடவுளை நம்பினால் போதும், அது எந்தக் கடவுளாகவும் இருக்கலாம். எந்தக் கடவுளும் இல்லாதவன் மட்டும் செல்லமாட்டான். பிராமணர் காலும் கிறிஸ்தவர் பைபிளும் சமமாகிவிட்ட அந்த இடத்தில், இரண்டையும் தொடாதவன் பேச்சற்றவன் ஆகிறான். இங்கிலாந்தில் நாத்திகர் சாட்சி சொல்ல 1869 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் உட்கார அதற்கு மேலும் ஆனது. 1880-ல் நார்தாம்ப்டனில் ஜெயித்த சார்லஸ் பிராட்லா, உறுதிமொழி சொல்கிறேன் என்றார், கூடாது என்றார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார், நீ செய்தால் அது சத்தியமே இல்லை என்றார்கள். திரும்பத் திரும்பத் தேர்தலில் நின்று ஜெயித்து, 1886-ல்தான் உட்கார முடிந்தது. அந்த வருசங்களில் சென்னையில் அவரைப் பின்பற்றிய சிலர் ‘தத்துவவிவேசினி’ நடத்திக்கொண்டிருந்தார்கள். நம் நாத்திகம் நேற்று முளைத்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, கடவுள் இல்லாமல் ஒழுக்கம் இருக்க முடியுமா என்கிற கேள்வி தத்துவக் கேள்வி மாதிரி வேஷம் போட்டிருந்தாலும் அதன் வசிப்பிடம் நீதிமன்றம். யாருடைய சொல் செல்லும், யாருடையது செல்லாது என்று தரம் பிரிக்கிற சொல்லாடல் அது. நம் பக்கத்திலும் இதே கதைதான். மனு நாத்திகன் என்றது கடவுளை மறுத்தவனை அல்ல, வேதத்தைப் பழித்தவனை. படைப்புக் கடவுளுக்கு இடம் கொடுக்காத மீமாம்சகர் ஆத்திகர் வரிசையில் சௌகரியமாக இருந்தார். சமணரும் பௌத்தரும் நாத்திகர் ஆனார்கள். சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டை வரிசையாக வாசித்துப் பாருங்கள். சமணர் குளிக்காதது, நின்று தின்பது, அம்மணமாய்த் திரிவது என்று நடத்தையைப் பற்றித்தான் வசவு. அப்படி வசவு வாங்கியவர்கள் எழுதிய நாலடியாரைத்தான் நம் பிள்ளைகள் நீதி நூல் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறார்கள். ‘அவங்களுக்கும் வினைப்பயன், மறுபிறப்புன்னு பயம் இருந்ததே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். வாஸ்தவம். தண்டனை அங்கேயும் உண்டு, தண்டிப்பவர்தான் இல்லை. ஆனாலும் உலகைப் படைத்த கடவுள் இல்லாமல் அறம் பேசமுடியாது என்ற வாதம் தமிழில் எடுபடாமல் போக அதுவே போதும்.

இந்தத் தரம் பிரித்தல் பெண்ணிடம் வரும்போது வேறு மாதிரி கடிக்கிறது. பிராட்லாவோடு சேர்ந்து 1877-ல் கருத்தடை பற்றிய ஒரு பிரசுரத்தை வெளியிட்டு வழக்கைச் சந்தித்தவர் அன்னி பெசன்ட். பிராட்லாவிடமிருந்து பறிக்கப்பட்டது நாடாளுமன்ற இருக்கை. அன்னி பெசன்டிடமிருந்து அடுத்த வருசம் பறிக்கப்பட்டது மகள். கணவர் பாதிரியார். தாய் நாத்திகம் பேசுகிறாள், குழந்தைக்கு மதக் கல்வி தரவில்லை, அந்தப் பிரசுரத்தை வேறு வெளியிட்டிருக்கிறாள், எனவே வளர்க்கத் தகுதியற்றவள். நாத்திகமும் கருத்தடையும் அந்தத் தீர்ப்பில் ஒரே குற்றமாகிவிடுகின்றன. இதே பெசன்ட் 1889-ல் பிரம்மஞானி ஆகி, பின்னர் அடையாறில் தலைவியாக உட்கார்ந்து, ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் வளர்க்கும் உரிமைக்காக அவர்களுடைய தகப்பனாரோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் மல்லுக்கட்டினார். 1913-ல் இங்கே தோற்று 1914-ல் பிரிவி கவுன்சிலில் ஜெயித்தார். பெற்ற மகளைக் காக்க முடியாத நாத்திகப் பெண், பெறாத பிள்ளைகளை ஆத்திகப் பெண்ணாக வென்றார். இரண்டாவது வழக்கு சட்ட நுணுக்கத்தில் முடிந்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தமிழில் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லே ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு ஒன்றுமாக அர்த்தம் வைத்திருக்கிறது. ஒழுக்கங்கெட்ட ஆண் என்றால் அவன் குடிக்கலாம், சீட்டாடலாம், கையாடல் செய்யலாம். ஒழுக்கங்கெட்ட பெண் என்றால் ஒரே அர்த்தம்தான். 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், சுயமரியாதை முறையில் நடந்த கல்யாணம் கல்யாணமே அல்ல என்றது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை. தீர்ப்பு யார் தலையில் விழுந்தது என்று யோசியுங்கள். மேடையில் ‘தீ வளர்க்கமாட்டேன்’ என்று முழங்கிய மாப்பிள்ளை தலையில் அல்ல. அவர் அதன் பிறகும் கொள்கை வீரர்தான். பக்கத்தில் நின்ற பெண் மனைவி இல்லை என்றானது, அவள் பெற்ற பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கேள்விக்குள்ளானது. 1928-லிருந்து நடந்துவந்த அந்தக் கல்யாணங்களுக்கு 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம்தான், முன்தேதியிட்டு, சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அந்த இடைக்காலத்தில் அந்தப் பெண்கள் தெருவில் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்பதை நம் இயக்க வரலாறுகள் பக்கம் பக்கமாகவா எழுதியிருக்கின்றன?

எழுதவில்லை. ஏனென்றால் நாமும் அந்த ‘உம்’முக்குப் பதில் சொல்வதிலேயே மும்முரமாக இருந்தோம். பக்தி தனிமனிதர் விஷயம், ஒழுக்கம்தான் பொது விஷயம் என்று பெரியார் பிரித்தார். அதைச் சொன்ன அவரேதான் ‘கற்பு யாருக்குச் சௌகரியமான ஒழுக்கம்’ என்றும் தோண்டினார். வழிவந்த ஆண்கள் முதல் பாதியை நடத்தைச் சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, இரண்டாம் பாதியைப் பரணில் போட்டார்கள். ஐயா வெளியே கடவுள் மறுப்பு, அம்மா உள்ளே வெள்ளிக்கிழமை விளக்கு. கேட்டால் ‘அவ சுதந்திரம்’. என் வீட்டிலும் ரொம்ப நாள் அப்படித்தான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சினிமாவை விடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் கோயில் படியேறுகிற நாத்திகனைக் காட்டாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. பராசக்தி (1952) கூட கோயில் யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்டது.

‘ஸ்டாலின் நாத்திகர்தானே’ என்பார்கள். ஆமாம். அந்தக் கொலைகளை நம் கணக்கில் எழுத மறுக்கிற தோழர்கள், மதக் கலவரங்களை மட்டும் கடவுள் கணக்கில் எழுதுவது நாணயமல்ல. நம்பாமை யாரையும் நல்லவராக்கிவிடுவதில்லை. கணக்கு நோட்டைத் திறந்துவைத்து உன் பக்கம் எத்தனை பிணம், என் பக்கம் எத்தனை பிணம் என்று எண்ண ஆரம்பித்தாலே வக்கீலின் கேள்வியை ஏற்றுக்கொண்டாயிற்று.

அந்த வழக்குக்குத் திரும்புகிறேன். வெளியே வந்ததும் கடன் வாங்கியவர் என் தோளில் கைபோட்டார். எனக்குச் சொந்தம், மாமா முறை. ‘மாப்ளே, கோர்ட்டுல ஆயிரம் சொல்லலாம். நம்ம கருப்பசாமி கோயில்ல சூடத்த அணைச்சு, கையெழுத்து என்னுதுதான்னு சொல்லிரு. வட்டியோட எண்ணி வச்சிர்றேன்.’

‘நீங்க அணைப்பீங்களா மாமா?’ என்று கேட்டேன். சிரித்தார். கோர்ட்டில் கடவுள் அறியப் பொய் சொன்ன மனுசர், கருப்பசாமி முன்னால் அதைச் சொல்லமாட்டார். பயம் வேலை செய்கிறது, நான் மறுக்கவில்லை. அது எந்த எல்லை வரைக்கும் வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். அந்தக் கோயிலுக்குள் சேரி ஆட்களை விடுவதில்லை. ஆலய நுழைவுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது, எங்கள் ஊர்க் கருப்பசாமிக்கு இன்னும் தகவல் போகவில்லை. கருப்பனுக்கு நேர்ந்து மொட்டை போடுகிற அந்த அம்மா வாசலுக்கு வெளியே நின்றுதான் சூடம் காட்டுவார். என் நாத்திகத்துக்கு உள்ளே போக அனுமதி இருந்தது, அவர் பக்திக்கு இல்லை. கோர்ட்டில் நான் ‘இருந்தாலும்’ ஆள். ஊரில் அந்த ‘உம்’ என்னைத் தொடவே இல்லை. சாதி பார்த்துக்கொண்டது.

மாட்டேன் என்றேன். அந்த அம்மா போக முடியாத இடத்தில் அவருக்காக நான் போய்ச் சத்தியம் செய்வதா என்று அன்று கூட்டத்தில் பேசவும் செய்தேன். தோழர்கள் கைதட்டினார்கள். இன்று யோசித்தால் அதில் பாதி கொள்கை, பாதி வீம்பு. வழக்கு 6 வருசம் இழுத்தது. பணம் வந்தபோது அந்த அம்மா இல்லை, மகன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

இடையில் ஒருநாள் வாய்க்கால் மேட்டில் என்னை நிறுத்திக் கேட்டார். எத்தனை சொல்லியும் என்னை அப்படிக் கூப்பிடுவதை அவர் கடைசிவரை விடவில்லை.

‘ஏஞ் சாமி, ஒனக்குத்தான் சாமி இல்லையே. அணைச்சா ஒனக்கு என்ன கொறஞ்சு போயிரும்?’

‘நாஞ் சொன்னது உண்மைதானம்மா. அதுக்கு எதுக்கு சூடம்?’

‘உண்மைன்னு எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். பணம் அவருகிட்டல்ல இருக்கு.’