ஜோக்கர் தொகுப்பில் நாம் தாண்டிப்போகும் பக்கங்கள்

வானொலியில் ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை ஒரு குரல் வெட்டுகிறது. கோடீஸ்வரர் ஹென்றி கிளாரிட்ஜ் இன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குச் சாவார், அவருடைய வைரமும் பறிபோகும் என்கிறது. போலீஸ் காவல் நிற்கிறது. யாரும் உள்ளே வரவில்லை. மணி பன்னிரண்டு அடித்ததும் கிளாரிட்ஜ் சாய்கிறார். செத்த முகத்தில் உதடுகள் இழுபட்டு ஒரு கோரச் சிரிப்பு. முந்தைய இரவே ஜோக்கர் வந்து போயிருக்கிறான். தூங்குகிறவர் உடம்பில் ஒரு நாள் கழித்துக் கொல்லும் நஞ்சை ஏற்றிவிட்டு, வைரம் இருந்த இடத்தில் கண்ணாடிக் கல்லை வைத்திருக்கிறான்.

1940இல் வெளிவந்த 'பேட்மேன்' முதல் இதழின் கதை இது. அதே இதழில் அவனுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதன் முடிவில் அவன் கத்தி பாய்ந்து செத்திருக்க வேண்டும். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் சம்மதிக்கவில்லை. அவன் உயிரோடிருப்பதைச் சொல்லும் கட்டம் ஒன்றைக் கடைசி நேரத்தில் சேர்க்க வைத்தார். அந்த ஒரு கட்டத்தால்தான் இன்று தடித்தடியான தொகுப்புகள் நம் கையில் இருக்கின்றன.

அவனை உருவாக்கியது யார் என்பதில் கடைசிவரை ஒத்த கருத்து இல்லை. சீட்டுக்கட்டு ஜோக்கரைத் தான் வரைந்து காட்டியதாக ஜெர்ரி ராபின்சன் சொன்னார். 1928இல் வந்த 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' படத்தில் நடித்த கான்ராட் வைட்டின் புகைப்படத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு மாதிரி தந்தவர் எழுத்தாளர் பில் ஃபிங்கர். கதைகளில் பல காலம் இருந்ததோ ஓவியர் பாப் கேன் கையெழுத்து மட்டும். ஃபிங்கர் 1974இல் காலமானார். பேட்மேனை உருவாக்கியதில் அவருக்கும் பங்குண்டு என்று டிசி நிறுவனம் முறையாக அறிவித்தது 2015இல்தான். பழைய கதைகளைத் தொகுப்பவர்கள் முதலில் இந்த அநியாயத்தைச் சரிசெய்ய வேண்டும்.

தொகுப்புகள் பல உண்டு. 2014இல் எழுபத்தைந்தாம் ஆண்டு மலர், 2020இல் எண்பதாம் ஆண்டு மலர். ஆனாலும் மைக் கோல்ட் தொகுத்து 1988இல் வந்த 'தி கிரேட்டஸ்ட் ஜோக்கர் ஸ்டோரீஸ் எவர் டோல்ட்' நூலைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். காரணம், ஐம்பதுகளின் கதைகளுக்கு அது தரும் இடம். பெரும்பாலான வாசகர்கள் 1940ஐப் படித்துவிட்டு நேராக எழுபதுகளுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருப்பது வெறும் கோமாளித்தனம், 1954இன் காமிக்ஸ் தணிக்கை விதிகள் அவனுடைய பல்லைப் பிடுங்கிவிட்டன என்பது அவர்கள் வாதம். அந்த விதிகள் வருவதற்கு முன்பே அவன் கொலையை விட்டு விளையாட்டுக்கு வந்துவிட்டான் என்பதே உண்மை.

1952இன் 'ஜோக்கர்ஸ் மில்லியன்ஸ்' கதையையே பாருங்கள். செத்துப்போன எதிரி ஒருவன் தன் சொத்தை ஜோக்கருக்கு எழுதிவைக்கிறான். இவனும் திருட்டை விட்டுவிட்டுக் கனவானாக வாழத் தொடங்குகிறான். பிறகுதான் தெரிகிறது, பணத்தில் பெரும்பகுதி கள்ளநோட்டு. வாரிசு வரி கட்ட வேண்டுமே! வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். ஊரைப் பார்த்துச் சிரித்தவனுக்குத் தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பதைத் தாங்க முடியவில்லை. அவன் மனதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த கதைகள் குறைவு.

1951இல் ஃபிங்கர் எழுதிய செந்நிற முகமூடிக்காரன் கதை இன்னும் முக்கியம். பல்கலைக்கழக மாணவர்களுக்குத் துப்பறியும் பாடம் நடத்தும் பேட்மேன், பத்தாண்டு பழைய வழக்கொன்றைக் கையில் எடுக்கிறார். சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில் திருடவந்து, ரசாயனக் கழிவில் குதித்துத் தப்பியவன்தான் வெள்ளை முகமும் பச்சை முடியுமாக மாறினான் என்று தெரியவருகிறது. 1988இல் ஆலன் மூரும் ஓவியர் பிரையன் போலண்டும் 'தி கில்லிங் ஜோக்' நூலை எழுப்பியது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

எழுபதுகளின் சாதனையும் அப்படித்தான். 1973இல் டென்னி ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் 1940இன் கொலைகாரனைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் மயங்கிக் கிடக்கும் பேட்மேனைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் ஜோக்கர் விலகிப்போகிறான். விளையாடாமல் வரும் வெற்றி அவனுக்கு ருசிக்காது. 1978இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதி மார்ஷல் ரோஜர்ஸ் வரைந்த 'தி லாஃபிங் ஃபிஷ்' இந்த வரிசையின் உச்சம். கடலில் பிடிபடும் மீன்களுக்கெல்லாம் ஜோக்கரின் சிரித்த வாய். அவன் காப்புரிமை அலுவலகத்துக்கே போய், என் முகம் கொண்ட மீன் விற்றால் எனக்குப் பங்கு வேண்டும் என்கிறான். மீன் இயற்கை வளம், அதற்கு உரிமை தர முடியாது என்கிறார் அலுவலர். அந்தப் பதிலுக்காக அவர் உயிர் போகிறது. நகைச்சுவையும் பயங்கரமும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காட்சி அது.

'கில்லிங் ஜோக்' பெரிய படைப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் பின்வந்த பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது துப்பாக்கியை மட்டும்தான். கதவைத் திறக்கும் போலீஸ் ஆணையர் கார்டனின் மகள் பார்பராவின் வயிற்றில் ஜோக்கரின் குண்டு பாய்கிறது. அதன்பின் கதை அவளை மறந்து ஆண்கள் மூவரோடு நடக்கிறது. அந்தக் குறையைச் சரிசெய்தவர்கள் ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும். சக்கர நாற்காலியிலிருந்தபடியே கணினி வழியாகத் துப்பறியும் 'ஆரக்கிள்' ஆக 1989இல் 'சூசைட் ஸ்குவாட்' இருபத்து மூன்றாம் இதழில் அவளைக் கொண்டுவந்தார்கள். ஜோக்கர் தொகுப்பை முடித்ததும் அந்த இதழையும் தேடிப் படியுங்கள்.